சாவிக்கீரை

காலை ஏழு மணிக்குப் புழுக்கள் பசியாறும்.
நான் பசியாறுவது அதற்குப் பிறகு.
குளுகோர் ஆய்வுக்கூடம், மூன்றாவது மாடி.
கோஸ் அழுகும் வாடை கூந்தலில் ஏறிவிட்டால்
பாலம் கடந்தாலும் இறங்காது.

மலாயில் இந்தக் கீரைக்குப் பெயர் சாவி.
தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னதிலிருந்து
டாக்டர் சோங் என்னிடம் கேட்பார்:
"இன்றைக்கு எத்தனை சாவி நறுக்கினாய்?"

இலையின் ஒவ்வொரு செல்லிலும்
ஒரு பூட்டு வைத்திருக்கிறோம்.
மண்ணில் கிடக்கும் நுண்ணுயிரிடம் கடன் வாங்கிய புரதம்.
புழுவின் குடலில் அதற்கு ஒரு பிடி உண்டு.
பிடித்துக்கொண்டால் குடல் சல்லடை.

எண்ணூறு விட்டேன்.
ஐந்து மிஞ்சின.
தொட்டால் நூலில் தொங்கித் துள்ளுகிற பச்சைத் துளிகள்.
இலையின் மேல்தோலை மட்டும் விட்டுத் தின்றிருந்தன,
வீட்டுக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்த மாதிரி.
ஐந்துக்கும் தனி டப்பா, தேன்நீர்,
கல்யாணம், பிள்ளை, பேரன்,
எல்லாம் என் பொறுப்பு.
ஒன்பதாம் தலைமுறையில் நூற்றுக்கு எழுபது
பூட்டிய இலையில் பசியாறின.

இரண்டாவது பூட்டும் போட்டோம்.
வேறு பெயர், வேறு எண், அதே இலை.
நூற்றுக்கு அறுபத்தெட்டு பசியாறின.
டாக்டர் சோங் அன்று மதியச் சாப்பாட்டுக்கு இறங்கவில்லை.

அதே வாரம்
சுங்கை டுவா பிளாட்டில் எங்கள் வீட்டுக்குத் திருடன் வந்தான்.
கிரில்லில் இரண்டு பித்தளைப் பூட்டு.
ஒன்றும் அறுபடவில்லை.
ரைஸ் குக்கர், ஹெல்மெட், இளவரசின் புதுக் காலணி.
தாலிக்கொடி அடகுக்கடையில் இருந்ததால் பிழைத்தது.
போலீஸ்காரர் இரண்டையும் உள்ளங்கையில் உருட்டினார்.
"ஜோடியாக வாங்கியதா?"
ஆமாம். பதினெட்டு ரிங்கிட்.
இரண்டுக்கும் ஒரே சாவி, வசதி என்று
இளவரசுதான் எடுத்தது.
மாற்றுச் சாவி மீட்டர் பெட்டிக்குப் பின்னால் தொங்கியது.
இப்போது ஆணி மட்டும்.

மறுநாள் புழுக்களைப் பட்டினி போட்டுவிட்டு
டாக்டரின் கதவைத் தட்டினேன்.
"இரண்டு புரதமும் குடலில்
ஒரே இடத்தைத்தான் பிடிக்கின்றனவா?"
அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு வெள்ளைப் பலகையைப் பார்த்தார்.
பிறகு எழுந்து அதை அழித்தார்.

மூன்றாவது வந்து சேர ஆறு மாதம்.
குடலின் வேறொரு மூலையைப் பிடிப்பது.
முதல் பூட்டைத் திறந்து வந்தவை
இதில் முட்டிக்கொண்டு நின்றன.
எண்ணூறு விட்டேன். எண்ணூறும்.
பொறுக்கி எண்ணிக் குப்பியில் போடும்போது
யாரும் கைதட்டவில்லை.
நூருல் "கெசியான்" என்றாள்.
பாவம்தான் என்றேன் நானும்.

பெனாகாவின் சோதனை வயலில் நடும்போது
ஓரத்து நாலு வரிசை வெறும் சாவி.
பூட்டே இல்லாதது.
"புழுவுக்குப் பந்தியா?" என்றார் நிலக்காரர் பக்கிரி.
பந்திதான்.
பூட்டையே பார்க்காத அந்துகள் அங்கே பெருகட்டும்.
எப்படியோ தப்பிய ஒன்று
துணை தேடிப் பறக்கும் ராத்திரி
அதற்கு இவற்றில் ஒன்றே வாய்க்கட்டும்.
பிள்ளைகளுக்குப் பாதிச் சாவிதான் மிஞ்சும்.
பாதிச் சாவி எதையும் திறக்காது.
பக்கிரி எல்லாம் கேட்டுவிட்டு
வரிசையை மறுபடி எண்ணினார்.
"ரெண்டு போதாதா?"
அடுத்த வயல்காரன் பழைய ஒற்றைப் பூட்டு விதையை
மலிவாக வாங்கி நட்டால் என்ன ஆகும் என்று
அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

இன்று சனி. வயலிலிருந்து நேரே வீடு.
கிரில்லில் இப்போது இரண்டு பூட்டு,
இரண்டு கடை, இரண்டு சாவி.
ஒன்று கைப்பையில்.
மற்றது கூடத்தில், புழு டப்பாவின் மூடி மேல்.
பாயான் லெப்பாஸில் இளவரசின் ஷிப்ட்
பதினோரு மணிக்குத்தான் முடியும்.
மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன்.
மடியில் ஓரத்து வரிசைக் கீரை ஒரு கட்டு,
இலையெல்லாம் ஜன்னல்.
கட்டிலிருந்து பச்சையாக ஏதோ
நூலில் இறங்கி, ஆடி,
கிரில் கம்பிகளுக்கு நடுவே
உள்ளே போகிறது.